மழை நாளில் போனுக்குப் பதில் என்ன கொடுப்பது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிறேன். மகனுக்கு இரண்டரை வயது. பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். மழையும் பனிமூட்டமுமாக இருப்பதால் வெளியே விட முடியவில்லை. அழுதால் போனைக் கொடுத்துவிடுகிறார். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரமாவது பார்க்கிறான். வாங்கும் பொம்மை எதுவும் ஒரு வாரம் தாங்குவதில்லை. செலவில்லாமல் அவனை எப்படி விளையாட வைப்பது? இன்னும் ‘அம்மா’, ‘பால்’ என்று ஒற்றைச் சொல்லாகத்தான் பேசுகிறான்.

பதில்: முதலில், மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். ஓயாமல் ஓடும் குழந்தையைச் சின்ன வீட்டுக்குள் நாள் முழுக்கப் பார்ப்பது கடினமான வேலை. அவர் கைக்கு எட்டும் இடத்தில் வேறு ஏதாவது இருந்தால்தான் போன் கீழே இறங்கும்.

இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்குத் திரை நேரம் ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அதுவும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதே அறிக்கை, இந்த வயதுக் குழந்தை நாளொன்றுக்கு 180 நிமிடம் உடம்பை அசைத்து விளையாட வேண்டும் என்றும் சொல்கிறது. நான்கு மணி நேரம் போன் பார்த்தால், அந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்?

குளிர் மட்டும் சளியைத் தராது. மூடிய அறையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் வைரஸ்தான் தருகிறது. மழை விட்ட அரை மணி நேரத்தில் ஸ்வெட்டர், குல்லா, ஷூ போட்டு வெளியே அழைத்துப் போகச் சொல்லுங்கள். திரும்பியதும் ஈரமான சாக்ஸை உடனே மாற்றினால் போதும். மருந்தடித்த தேயிலைப் பாத்தி பக்கம் மட்டும் விட வேண்டாம். வழியில் பெரிய பைன் காய் ஒன்று கிடைத்தால் எடுத்து வாருங்கள். வெதுவெதுப்பான நீரில் போட்டால் அதன் செதில்கள் மெல்ல மூடிக்கொள்ளும். காய வைத்தால் மறுபடி விரியும். மூடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை அவன் வந்து வந்து பார்ப்பான். முற்றிய மேரக்காயும் (சௌசௌ) அப்படித்தான். மண்ணே வேண்டாம், ஜன்னலோரம் வைத்தால் தானே முளைவிடும்.

வீட்டுக்குள் அவனுக்குத் தேவை இழுப்பதும் தள்ளுவதும் ஏறுவதும். மளிகைக் கடையில் சும்மா கிடைக்கும் அட்டைப்பெட்டியில் 1 கிலோ அரிசிப் பையை வைத்து, சமையலறைக்கும் வாசலுக்கும் இழுக்க விடுங்கள். கனம் இருந்தால்தான் குழந்தை அடங்கும். வெறும் பெட்டி ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். பழைய சாக்ஸைச் சுருட்டிய பந்து, கம்பளியும் தலையணையும் அடுக்கிய ‘மலை’, இவை போதும்.

உட்கார்ந்து விளையாட மாவு. மைதா 1 டம்ளர், தூள் உப்பு கால் டம்ளர், எண்ணெய் 2 டீஸ்பூன், ஒரு சிட்டிகை மஞ்சள். சுடுநீரைச் சிறிது சிறிதாக, அரை டம்ளருக்குக் குறைவாகவே ஊற்றிப் பிசையுங்கள். பெரும்பாலும் தவறுவது தண்ணீரில்தான். தவிர, உப்பு ஈரத்தை இழுக்கும். பனிமூட்ட நாளில் நன்றாகப் பிசைந்த மாவுகூட மறுநாள் நசநசக்கும். ஒரு கைப்பிடி மைதா தூவினால் சரியாகிவிடும். உப்பை அரை டம்ளராக்கினால் அதிக நாள் கெடாது, ஆனால் இந்த வயதில் வாயில் போடுவான். உப்பு நிறைய உள்ளே போனால் ஆபத்து. அதனால் உப்பைக் குறைத்து, மூன்று நாளில் தூக்கிப் போடுங்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் கொடுக்க வேண்டாம்.

பொம்மை சலிப்பதற்குக் காரணம் எல்லாமே கண்ணெதிரில் கிடப்பது. நான்கை மட்டும் வெளியே வைத்து, மற்றதைப் பையில் கட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாற்றுங்கள், பழையது புதியதாகத் தெரியும்.

4 செ.மீ. அகலத்துக்குள் நுழையும் எதையும் அவனிடம் தராதீர்கள். புளியங்கொட்டை, மணி, தைல மரக்காய், நிலக்கடலை எல்லாம் மூச்சுக்குழலை அடைக்கும். பச்சைக் கேரட் துண்டும்கூட. பாட்டுப் பாடும் பொம்மையின் பேட்டரி மூடியில் ஸ்குரூ இல்லையென்றால் வீட்டில் வைக்க வேண்டாம். பட்டன் பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும் நீலகிரித் தைலத்தை உயரத்தில் வையுங்கள். ஒரு டீஸ்பூன் குடித்தாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். கதவடைத்த அறையில் கரியடுப்பு மூட்டவே கூடாது. மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு நிறையும். விளையாடிய பிள்ளை சோர்ந்து தூங்குவதாகத்தான் தெரியும்.

போனை எல்லா வேளையிலும் ஒரே நாளில் நிறுத்தப் பார்க்காதீர்கள். முதலில் சாப்பாட்டு வேளையில் நிறுத்துங்கள். அழுகை சில நாள் கூடத்தான் செய்யும். அரை மணி நேரம் அழுத பிறகு கொடுத்தால், அரை மணி நேரம் அழுதால் கிடைக்கும் என்றே கற்றுக்கொள்வான். இதில் நீங்களும் மாமியாரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வெங்காயக் கூடையை அவன் முன் வைத்து, “பெரிசு எது? பாட்டிக்குக் கொடு” என்று கேட்கட்டும். கேட்டபின் ஐந்து எண்ணும்வரை பேசாமல் காத்திருக்க வேண்டும். பதில் சொல்ல அவனுக்கு அந்த இடைவெளி தேவை.

பேச்சைத்தான் நான் அலட்சியமாக விட மாட்டேன். இரண்டு வயது முடியும்போதே ‘பால் வேணும்’, ‘அப்பா வா’ என்று இரு சொல் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும். போனை நிறுத்திப் பார்ப்போம் என்று மாதக்கணக்கில் காத்திருக்காமல், இந்த மாதமே காது கேட்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது அங்கன்வாடிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் சொன்னால் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். போகும்போது, அவன் சொல்லும் எல்லாச் சொற்களையும், மழலையாக இருந்தாலும், ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.