ஹெரால்டுக்குள் ஜிப்சி எஞ்சின்: என்ன விலை சொல்வது?

கேள்வி: எங்கள் தந்தை 1966-ல் புதிதாக வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு மாடல், வீட்டில் நிற்கிறது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன, ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பதிவு 2021-ல் காலாவதியாகிவிட்டது. 2016-ல் என் அண்ணன் அந்தக் காரில் மாருதி ஜிப்சியின் 1300 சிசி எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் பொருத்தினார். அலாய் சக்கரங்கள், ஏ.சி., வேறு காரின் இருக்கைகள், மெட்டாலிக் சிவப்பு பெயின்ட் என்று மொத்தம் 4,10,000 ரூபாய் செலவானது. பழைய எஞ்சினும் கியர் பெட்டியும் கொட்டகையில் கிடக்கின்றன. உள்ளூர்த் தரகர் ஒரு லட்சம்தான் தருவேன் என்கிறார். பெங்களூரிலிருந்து ஒருவர், பேப்பர் சரியாக இருந்தால் மூன்றரை லட்சம் தருகிறேன் என்கிறார். மாற்றமே செய்யாத, இதே ஆண்டு ஹெரால்டு ஒன்றை எங்கள் நண்பர் கோவையில் ஐந்து லட்சத்துக்கு விற்றார். அப்படியானால் அண்ணன் செய்த செலவையும் சேர்த்து எட்டு லட்சமாவது கேட்க வேண்டாமா? – வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். எட்டு லட்சம் என்று சொன்னால், வாங்கக்கூடிய ஆள் மறுமுறை உங்களைக் கூப்பிடவே மாட்டார்.

புதிய காருக்கு ஏ.சி. போட்டால் அதன் விலையில் ஒரு பகுதியாவது திரும்பி வரும். ஐம்பது, அறுபது ஆண்டு கடந்த காருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அதை வாங்க வருகிறவர் தேடுவது ஹெரால்டைத்தான். சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான வண்டி அது; இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உடல், முழுதாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும் பானெட், 948 சிசி எஞ்சின், சந்துக்குள்ளேயே திருப்பிவிடக்கூடிய சின்னஞ்சிறு திருப்பு வட்டம். அந்த ஸ்டீயரிங்கை ஒருமுறை பிடித்தவர்கள் மறப்பதில்லை. இவற்றில் எவ்வளவு அப்படியே மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் விலை. உங்கள் அண்ணன் ஆசையோடு செய்ததைக் குறை சொல்லவில்லை. அந்தப் பணம் அவர் ஓட்டி மகிழ்ந்ததற்கான செலவு. அது விலையில் ஏறாது.

ஆகவே மேலிருந்து கீழே இறங்கும் கணக்குதான் சரி. மாற்றம் செய்யாத அதே மாடல், அதே நிலையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பது முதல் எண். விளம்பரத்தில் கேட்ட விலை உதவாது. பணம் கைமாறிய விலை வேண்டும். உங்கள் நண்பருடைய ஐந்து லட்சம் அந்த வகையில் நல்ல ஆதாரம். ஒரே ஒரு விற்பனையை நம்பிவிடாமல் இன்னும் இரண்டு மூன்று விற்பனைகளை விசாரியுங்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற சங்கங்களின் உறுப்பினர்களுக்கு எந்த வண்டி எவ்வளவுக்குப் போனது என்பது பெரும்பாலும் தெரிந்திருக்கும். அந்த எண்ணிலிருந்து, காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழியுங்கள். அதன்பிறகு, அந்த வேலையைத் தலையில் சுமக்கப்போகிற வாங்குபவரின் அலைச்சலுக்கும் அபாயத்துக்கும் ஒரு தொகையைக் கழியுங்கள்.

இந்தக் காரில் முதலில் பார்க்க வேண்டியது பெயின்டோ இருக்கையோ அல்ல. ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எஞ்சின் எண்ணும் வண்டிக்குள் இருக்கும் எஞ்சினின் எண்ணும் பொருந்தவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அந்த ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். காலாவதியான பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டியாக வேண்டும். ஆய்வாளர் பானெட்டைத் திறந்ததும் விஷயம் வெளிப்பட்டுவிடும். பெங்களூர்க்காரர் சொன்ன ‘பேப்பர் சரியாக இருந்தால்’ என்பதை ஜிப்சி எஞ்சினோடு உங்களால் நிறைவேற்ற முடியாது. எனவே அந்த மூன்றரை லட்சத்தை உங்கள் கையில் வந்த விலையாக எண்ணாதீர்கள்.

அடுத்தது, பழம்பெரும் (விண்டேஜ்) வாகனப் பதிவு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த கார் விண்டேஜ் தகுதி பெறலாம். ஆனால் சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), உடல்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. ஏற்கனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணே தொடரும் என்பது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி, ‘வி.ஏ.’ என்ற புதிய வரிசை புதிதாகப் பதிவாகிறவற்றுக்குத்தான். மெட்ராஸ் மாநிலம் என்றிருந்த காலத்து எண், எம் எழுத்தில் தொடங்குவது, உங்கள் காரில் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் அதற்காகவே கூடுதலாகக் கொடுப்பார்கள். இந்தத் தகுதி பெற்ற வண்டியைத் தினமும் ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் எடுக்கலாம் என்பதையும் வாங்குபவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இதனால்தான் உங்கள் கொட்டகையில் கிடக்கும் அந்தப் பழைய எஞ்சின் வண்டியின் விலையில் பெரும்பங்கு. இன்றே போய் அதில் பொறித்த எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் எஞ்சின் மேல் படுதா போட்டு மூடி, சின்னச் சின்ன நட்டு, பிராக்கெட் வரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். தரகர் ஒருவேளை, ‘அந்தப் பழைய இரும்பையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்’ என்று போகிற போக்கில் சொல்லக்கூடும். அந்த இரும்பு இல்லாமல் அவர் உங்களிடம் வாங்கும் காரை நல்ல விலைக்கு விற்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு வண்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள். ஹெரால்டின் உடலும் சேஸிஸும் தனித்தனி. மாற்றம் செய்கிறவர்களுக்கு அது வசதி, உங்களுக்கும் இப்போது அதுவே வசதி. ஜிப்சி கியர் பெட்டிக்காக சேஸிஸின் குறுக்குச் சட்டத்தை வெட்டினார்களா, அல்லது போல்ட் போட்டுத் தனித் தாங்கி மட்டும் வைத்தார்களா? போல்ட் என்றால் கழற்றிவிடலாம். வெட்டி வெல்டிங் செய்திருந்தால் கணக்கு வேறு. எஞ்சின் திரும்பி வந்தாலும் மாற்றமில்லாத கார் என்று சொல்லிக்கொள்ள முடியாது, விண்டேஜ் தகுதியும் சந்தேகம்தான். சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள் துருப்பிடிக்கும் இடங்கள்; ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் நிற்பவை. சுமார் 35 குதிரைத்திறனுக்காக வடிவமைத்த வண்டியில் அதைவிட மிகுந்த சக்தியுள்ள எஞ்சின் இருக்கும்போது, வேகமாக வளைவில் திரும்பினால் பின்பக்கம் தூக்கிக் கவிழ்க்கப் பார்க்கும். வாங்க வருகிறவரிடம் ‘இப்போது நன்றாகப் பறக்கும்’ என்று சொல்லி விற்காதீர்கள். ஓட்டிப்பார்க்க வருகிறவர்களிடம் இதை முதலிலேயே எச்சரியுங்கள்.

இனி எண்கள். பட்டறையில் எழுதி வாங்கிய மதிப்பீட்டை அனுப்பியிருந்தீர்கள்: பழைய எஞ்சினையும் கியர் பெட்டியையும் சரிசெய்து பொருத்த 95,000; பழைய சக்கரம், இருக்கை, பழைய வண்ணம் ஆகியவற்றுக்கு 75,000; ஜிப்சி எஞ்சினையும் கியர் பெட்டியையும் 45,000-க்கு எடுத்துக்கொள்கிறார்கள். இப்படியே விற்றால் ஐந்து லட்சத்திலிருந்து 1,70,000 கழிய, 3,30,000. அதில் வாங்குபவரின் அபாயத்துக்கு ஐம்பது, அறுபதாயிரம் போனால் 2,70,000 முதல் 2,80,000 வரை நியாயமான விலை. தரகரின் ஒரு லட்சம் மிகக் குறைவு.

இன்னொரு வழி, 95,000 செலவழித்து எஞ்சினையும் கியர் பெட்டியையும் மட்டும் நீங்களே பழையபடி மாற்றுவது. ஆய்வில் தேறும், பதிவைப் புதுப்பிக்கலாம், ‘பேப்பர் சரி’ ஆகிவிடும். சக்கரம், இருக்கை, வண்ணத்துக்கு 75,000-ஐயும், வண்டியின் வரலாற்றைப் பற்றிய தயக்கத்துக்கு ஒரு 25,000-ஐயும் கழித்தால் நான்கு லட்சம் கேட்கலாம். செலவு போக, ஜிப்சி எஞ்சின் விற்ற பணத்தையும் சேர்த்தால் கையில் நிற்பது ஏறத்தாழ 3,50,000. பெயின்டைத் தொடாதீர்கள். வண்ணம், இருக்கைத் துணி எல்லாம் வாங்குகிறவர் தன் கைப்பட செய்ய விரும்பும் வேலைகள். அதற்கு நீங்கள் போடும் பணம் திரும்பாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன், சேஸிஸ் வெட்டுப்படாமல் இருந்தால்.

பேப்பர் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். உரிமையாளர் இறந்தால் வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கும் விண்ணப்பம் படிவம் 31. வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். அண்ணனிடமும் எழுத்தில் வாங்குங்கள். பதிவுப் புதுப்பிப்புக்குப் படிவம் 25. இருபது ஆண்டு தாண்டிய காருக்கு இந்தக் கட்டணம் 2025-ல் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது; தாமதத்துக்குத் தனித் தொகை, மாநிலப் பசுமை வரி ஆகியவையும் உண்டு. இவை முடிந்த பிறகு விற்பனைக்குப் படிவம் 29, 30. பெங்களூர்க்காரர் வாங்கினால் தடையில்லாச் சான்றுக்கு (என்.ஓ.சி.) படிவம் 28. அவர் பெயருக்கு மாறும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 1972 அம்பாசடர் ஒன்றின் கூரையை அறுத்துத் திறந்த காராக ஆக்கியிருக்கிறார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டால் நல்ல வருமானம், விண்டேஜ் பதிவும் வாங்கித் தருகிறேன் என்கிறார் விற்பவர். வாங்கலாமா? – வாசகி, திருச்சி

பதில்: வாங்காதீர்கள். உடல்கூட்டை அறுத்த காருக்கு விண்டேஜ் பதிவு கிடைக்காது. கிடைத்தாலும் அதை வாடகைக்கு விட விதி இடம் தராது. விற்பவர் சொல்வதன் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன.

அதைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. மேலே சொன்ன ஹெரால்டுக்குக் கீழே தனிச் சேஸிஸ் இருக்கிறது. கூரையே போல்ட் போட்டு மாட்டிய தனித் துண்டு. அம்பாசடருக்கு அப்படிச் சேஸிஸ் கிடையாது. தரை, பக்கச் சுவர், கூரை எல்லாம் சேர்ந்துதான் பலம். கூரையை அறுத்தால் நடுவில் தொய்யும். நீங்கள் நேரில் போகும்போது நான்கு பேரை உள்ளே உட்கார வைத்துக் கதவுகளைத் திறந்து மூடச் சொல்லுங்கள். கதவு இறுகினாலோ, மேல் இடைவெளி ஒரு பக்கம் குறுகினாலோ அடிப்பகுதி வளைந்துவிட்டது என்று பொருள். உடல்கூடு போன பிறகு அந்த வண்டியில் மிஞ்சுவது உதிரிப்பாகங்களின் மதிப்புதான்: எஞ்சின், கியர் பெட்டி, அச்சுகள், முன் கிரில், விளக்குகள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.