இறகை விலக்கிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுச் சேவலை இரண்டு நாட்களுக்கு முன் இரவில் ஏதோ ஒரு விலங்கு கடித்துவிட்டது. முதுகுத் தோல் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்திருக்கிறது. வால் இறகுகள் மொத்தமாகப் போய்விட்டன. மருந்துப் பொடி தூவி, உடம்பைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். தீவனத்தைத் தொடவில்லை, அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிறேன். பச்சையாகக் கழிகிறது. பிழைக்குமா? பெட்டைகளோடு எப்போது விடலாம்?

பதில்: அந்தக் கட்டை உடனே அவிழ்க்கச் சொல்லி உங்களுக்குத் தனியே எழுதிவிட்டேன். இதே தவற்றைப் பலரும் செய்வதால் இங்கும் சொல்கிறேன். கோழிக்கு நம்மைப் போல மூச்சை இழுக்க உதவும் உதரவிதானத் தசை கிடையாது. நெஞ்செலும்பு கீழிறங்கி மேலேறினால்தான் அதற்கு மூச்சு. மார்பைச் சுற்றி இறுக்கினால் காயத்துக்கு முன் கட்டே கொன்றுவிடும்.

தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நேராக அங்கே இறங்கிவிடும். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வையுங்கள், தானே விழுங்கும். மூக்குத் துளை நனையாமல் அலகு நுனியைக் கிண்ணத்தில் தோய்த்துக் காட்டினாலும் போதும்.

இனிக் காயம். முதுகுக் கிழிசல் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் எனக்கு அதைப் பற்றி அவ்வளவு பயமில்லை. கோழியின் தோல் மெல்லியது, தளர்வானது. சுத்தமாக வைத்திருந்தால் உள்ளங்கை அகலக் கிழிசல்கூடச் சில வாரங்களில் மூடிக்கொள்வதுண்டு. நான் பயப்படுவது நீங்கள் எழுதாத காயங்களுக்கு. கோரைப்பல் இறங்கிய இடம் வெளியே ஊசி குத்தியது போலத்தான் இருக்கும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். விரலை நனைத்துக்கொண்டு, இறக்கைக்கு அடியிலும் தொடையிலும் வாலடியிலும் இறகுகளை விலக்கிப் பாருங்கள். ஒரு துளை தெரிந்தால் அதன் எதிர்ப்பக்கத்தையும் தேடுங்கள். பற்கள் இரண்டு தாடையிலும் இருக்கின்றன அல்லவா! கடித்தது பூனையாக இருந்தால் காத்திருக்கவே கூடாது. அதன் வாயில் வாழும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் பறவையை முடித்துவிடும். நுண்ணுயிர்க்கொல்லி எது, எவ்வளவு என்பதை எடை பார்த்துக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பொடி காயத்தில் கட்டியாகி அழுக்கைப் பிடித்துவைக்கும்; கழுவி எடுங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. வெதுவெதுப்பாக, ஊசியில்லாத சிரிஞ்சால் பீய்ச்சுங்கள். பிறகு இளம் தேநீர் நிறத்துக்கு நீர்த்த போவிடோன் அயோடின். நுரைத்துப் பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், அது ஆறிவரும் தசையையும் அரிக்கும். வலி மரத்துப்போகச் செய்யும் களிம்புகளும் வேண்டாம். பல் பதிந்த துளைகளை ஒட்டியோ தைத்தோ மூடாதீர்கள். இறக்கையில் தோளை ஒட்டிய மேல் எலும்பு முறிந்து வெளியே தெரிந்தால் அதில் தண்ணீரே படக் கூடாது. அந்த எலும்பு உள்ளீடற்றது, மூச்சுக் காற்று போய்வரும் காற்றுப்பையோடு இணைந்திருக்கிறது.

இரண்டாம், மூன்றாம் நாளில் காயத்தைச் சுற்றிப் பச்சை படரலாம். அழுகல் என்று பதறுபவர்கள் உண்டு. பறவைகளுக்குக் கன்றிப்போன இடம் பச்சையாகத்தான் மாறும். கறுத்து நாற்றமடித்தால்தான் அழுகல். சீழும் கோழிக்கு ஒழுகாது, பாலாடைக்கட்டி போல உறைந்து நிற்கும், பிதுக்காதீர்கள். எச்சம் பச்சையாக இருப்பது பெரும்பாலும் வயிறு காலி என்பதற்கான அடையாளம், பித்தம் மட்டும் இறங்குகிறது. நனைத்த தீவனமும் மசித்த அவித்த முட்டையும் வையுங்கள். சாப்பிடத் தொடங்கியும் நிறம் மாறாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படுக்கை சுத்தமான துணியாகவும், இடம் அரையிருட்டாகவும், 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் இருக்கட்டும். காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு நெளியும்.

பிழைக்குமா என்றால், கடியுண்ட அதிர்ச்சியைத் தாண்டி இரண்டு நாள் இருந்திருக்கிறது, அது நல்ல செய்தி. வாயைத் திறந்தே மூச்சு வாங்குகிறது, கால்களில் உணர்வே இல்லை என்றால் மட்டும் மேலும் வதைக்காமல் மருத்துவர் கையில் விட்டுவிடுங்கள். வால் பற்றிக் கவலை வேண்டாம். வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் முளைக்கத் தொடங்கும். பாதியில் ஒடிந்ததுதான் அடுத்த இறகு உதிர்ப்பு வரை அப்படியே நிற்கும். திரும்பக் கூவுகிற முதல் காலை எனக்கு எந்த மருத்துவச் சான்றிதழைவிடவும் மேல். அக்கம்பக்கத்தார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பெட்டைகளோடு விடுவது, தோல் முழுக்க மூடி இறகு முளைத்த பிறகுதான். சிவப்பைக் கண்டால் கொத்தித் தீர்த்துவிடுவார்கள், எவ்வளவு பாசமான குடும்பமாக இருந்தாலும்! அதுவரை வலைக்கு இந்தப் பக்கம் அதுவும் அந்தப் பக்கம் அவையும் கண்ணில் படும்படி வையுங்கள். இன்னொரு சேவல் இருந்தால் இதற்குள் அது பட்டத்துக்கு வந்திருக்கும். அவை இரண்டையும் ஒன்றாக விடாதீர்கள்.

கூட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அறுகோண வலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, கடிப்பதை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலை போட்டு, அதன் அடியை 30 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறக்குங்கள். தாழ்ப்பாளை இன்று இருட்டுவதற்குள் பாருங்கள். வந்த விலங்குக்கு இப்போது வழி தெரியும்.