நல்ல வாணலிக்கு ஆசைப்படுவது ஆடம்பரமா?

கேள்வி: திருமணமான நாளிலிருந்து வீட்டுச் சமையல் என் பொறுப்புதான். வேண்டாவெறுப்பாகச் செய்ததில்லை, பிடித்துத்தான் செய்கிறேன். ஆனால் என்னிடம் இருக்கிற பாத்திரங்கள் எல்லாம் மெல்லிசு. வெங்காயம் வதக்கினால் ஒரு பக்கம் கருகுகிறது, ஓரத்தில் பச்சையாகவே கிடக்கிறது. நான்ஸ்டிக் வாணலியில் பூச்சு உரிய ஆரம்பித்துவிட்டது. அடிகனமான நல்ல பாத்திரங்களைக் கடையில் பார்த்தால் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவேன். வீட்டில் சொன்னால், “இருக்கிறதை வெச்சே நல்லாத்தானே சமைக்கிறே” என்கிறார்கள். இப்போது பத்துப் பன்னிரண்டு பாத்திரங்கள் சேர்ந்த ஒரு செட் தள்ளுபடியில் கிடைக்கிறது. என் ஆசை வீண் ஆடம்பரமா? வாங்கினால் எதை வாங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

ஆடம்பரமே இல்லை. தச்சு வேலை செய்கிறவர் நல்ல உளி கேட்டால் யாரும் அதை ஆசை என்று சொல்வதில்லை, தேவை என்கிறோம். தினமும் அடுப்படியில் நிற்கிறவர் நல்ல வாணலி கேட்டால் மட்டும் அது எப்படி ஆசையாகிவிடும்?

“நல்லாத்தானே சமைக்கிறே” என்று வீட்டில் சொல்வது பாராட்டுதான். ஆனால் அதில் ஒன்று மறைந்துபோகிறது. பாத்திரத்தின் குறையை உங்கள் கை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. அடுப்பை விட்டு நகராமல் கிளறுவது, நிமிஷத்துக்கு ஒரு தரம் தீயைக் கூட்டிக் குறைப்பது, கடைசியில் அடிப்பிடித்ததை ஊறவைத்துத் தேய்ப்பது எல்லாம் நீங்கள் செய்கிற கூடுதல் வேலை. சாப்பிடுகிறவர்களுக்கு அது தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

கருகுவதற்குக் காரணம் உங்கள் கைப்பக்குவம் இல்லை. எவர்சில்வர் சூட்டைப் பரப்புவதில் மிகவும் மந்தமானது. அலுமினியம் அதைப்போல ஏறக்குறைய 15 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், செம்பு 25 மடங்கு. மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் தீ படுகிற இடம் மட்டும் கொதிக்கும். சூடு பக்கவாட்டில் பரவுவதற்குள் அந்த இடத்தில் இருப்பது தீய்ந்துவிடும். நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இதை மாற்ற முடியாது.

செட் விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து வாங்காதீர்கள். அந்தப் பன்னிரண்டில் மூடிகளையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள், அதை முதலில் பாருங்கள். மீதியில் இரண்டு மூன்றுதான் தினமும் கைக்கு வரும், மற்றவை அலமாரியை அடைத்துக்கொண்டு கிடக்கும். தவிர, எல்லா வேலைக்கும் ஒரே உலோகம் ஒத்துவராது. செட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் உண்மையிலேயே நல்ல பாத்திரம் ஒன்றோ இரண்டோ வாங்கலாம்.

எதை முதலில் வாங்குவது என்பதை உங்கள் அடுப்படியே சொல்லும். ஒரு வாரம் கவனியுங்கள். எது முதலில் கைக்கு வருகிறது, எதில் அடிக்கடி தீய்கிறது, எதைத் தேய்க்கும்போது அலுப்பு வருகிறது? பெரும்பாலும் மூன்றுக்கும் ஒரே பாத்திரம்தான் பதிலாக இருக்கும். கடிதத்தைப் படித்த வரையில் உங்களுக்கு அது வதக்குகிற வாணலி என்று நினைக்கிறேன்.

அப்படியானால் என் முதல் தேர்வு ட்ரைப்ளை வாணலி. உள்ளே எவர்சில்வர், நடுவில் அலுமினியம், வெளியே காந்தம் ஒட்டும் எவர்சில்வர் என்று மூன்று தகடுகளை ஒன்றாக அழுத்திச் செய்தது. அலுமினியம் சூட்டைப் பரப்பும், எவர்சில்வர் உணவைத் தொடும். இந்த மூன்றடுக்கு அடியில் மட்டுமில்லாமல் விளிம்பு வரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சில பாத்திரங்களில் அடியில் மட்டும் ஒரு கனமான வட்டத் தகட்டை ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் கொதிக்கவைக்க, வேகவைக்க அது தாராளமாகப் போதும். வதக்குவதற்குப் போதாது, தீ அந்த வட்டத்தைத் தாண்டினால் பக்கச் சுவரில் கருகும்.

பாத்திரத்தின் அடியில் 18/8, 18/10 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 18 சதவீதம் குரோமியம், 8 அல்லது 10 சதவீதம் நிக்கல் என்பதுதான் அதற்கு அர்த்தம். துருப்பிடிக்காமல் இருப்பதற்கு அது உதவும். சூடு எப்படிப் பரவும் என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. அதற்கு அடியின் கனத்தையும் நடுவில் இருக்கும் உலோகத்தையும்தான் பார்க்க வேண்டும்.

எவர்சில்வரில் ஒட்டிக்கொள்ளுமே என்று கேட்பீர்கள். பெரும்பாலும் சூடு ஏறுவதற்குள் எண்ணெய் ஊற்றிவிடுவதால்தான் ஒட்டுகிறது. வெறும் வாணலியை மிதமான தீயில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ‘சொய்ங்’ என்று உடனே வற்றினால் இன்னும் சூடாகவில்லை. சொட்டு வற்றாமல் உருண்டு ஓடினால் நன்றாகச் சூடாகிவிட்டது. ஓடுகிற துளிக்கும் உலோகத்துக்கும் நடுவே ஆவி ஒரு மெத்தென்ற அடுக்காக நிற்கிறது. லைடன்ஃப்ரோஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1756-லேயே இதை விவரித்து எழுதியிருக்கிறார். அதன் பிறகு தீயைக் கொஞ்சம் குறைத்து, எண்ணெய் விட்டு, அப்புறம் உணவைப் போடுங்கள். போட்ட உடனே கிண்டாதீர்கள். அடி சிவந்ததும் பெரும்பாலும் தானே விட்டுவரும்.

அடுத்தது வார்ப்பிரும்பு. ஆயுளுக்கும் உழைக்கும், பேரன் பேத்திக்கும் கொடுக்கலாம். ஆனால் சூட்டை ஒரே சீராகப் பரப்பும் என்று பலர் சொல்வது சரியில்லை. அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பரப்புவதில் அலுமினியத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் சின்னத் தீயில் நிதானமாகச் சூடேற்ற வேண்டும். எடையையும் யோசியுங்கள். 26 சென்டிமீட்டர் வாணலி ஒன்று இரண்டரைக் கிலோ வரை இருக்கும், உள்ளே சமையலும் சேர்ந்தால் இன்னும் கூடும். மணிக்கட்டு வலி இருந்தால் இது வேண்டாம். தகட்டு இரும்பில் செய்த வாணலி இதைவிட லேசாக இருக்கும், பழக்கினால் அதுவும் இதேபோல ஒட்டாமல் வேலை செய்யும்.

பழக்குவது என்றால் எண்ணெயில் முக்குவது இல்லை. ஒரு துணியில் எண்ணெய் தொட்டு உள்ளும் புறமும் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டு, லேசாகப் புகை வரும் வரை சூடாக்க வேண்டும். சூட்டில் அந்த மெல்லிய எண்ணெய் இறுகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். இப்படிச் சில தடவை செய்யுங்கள். எண்ணெய் அதிகமானால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். சோப்பே படக்கூடாது என்று பயப்பட வேண்டாம்; கொஞ்சம் பாத்திர சோப்பால் கெட்டுப்போகாது, ஈரத்தோடு விட்டால்தான் கெடும். கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவையுங்கள். தக்காளி போல புளிப்பானவற்றை அதில் நெடுநேரம் கொதிக்கவிடாதீர்கள். பழக்கிய அடுக்கு கரையும், உணவிலும் இரும்பு வாடை ஏறும். அதற்கு எவர்சில்வர்தான் சரி.

வார்ப்பிரும்பு மட்டும் பழையதாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். துரு எவ்வளவு இருந்தாலும் தேய்த்து எடுத்துத் திரும்பப் பழக்கிவிடலாம். விரிசல் இருந்தால் மட்டும் வேண்டாம்.

பூச்சு உரிந்த நான்ஸ்டிக்கை எடுத்து வைத்துவிடுங்கள். வயிற்றுக்குள் போன துணுக்கு செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும், அதை நினைத்துக் கலங்க வேண்டாம். நான்ஸ்டிக்கில் பயப்பட வேண்டியது அளவுக்கு மீறிய சூட்டுக்கு. 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு கெட ஆரம்பிக்கும், அதற்கும் மேலே போனால் நச்சுப் புகை வரும். கூண்டுப் பறவைகள் அந்தப் புகையில் செத்துப்போகும். முட்டைக்கு ஒரு சின்ன நான்ஸ்டிக் வாணலி இருப்பது சௌகரியம்தான். ஆனால் எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் அது சில வருடங்களுக்குத்தான் வரும். பெரிய பணத்தை அதில் போடாதீர்கள்.

செம்புப் பாத்திரத்தின் அழகு யாரையும் இழுக்கும். உள்ளே பூசும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், தேயத்தேயப் புதுசாகப் பூசவும் வேண்டும். முதல் பாத்திரமாக அது வேண்டாம்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை சில. சமதளத்தில் வைத்து அழுத்தினால் ஆடக்கூடாது. ஒற்றைக் கையால் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். கைப்பிடி திருகாணியில் நிற்கிறதா, ரிவெட் (தட்டி இறுக்கிய, கழலாத ஆணி) அடித்திருக்கிறதா என்று பாருங்கள். ரிவெட்டே நல்லது. இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருந்தால் ஒரு சின்ன காந்தத்தைக் கொண்டுபோங்கள், அடியில் இறுக்கமாக ஒட்ட வேண்டும்.

வீட்டில் எப்படிச் சொல்வது? பிறந்தநாள் பரிசாகக் கேட்காதீர்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கான கருவி அது, வீட்டுச் செலவில் சேர வேண்டியது. “எனக்கு ஆசையா இருக்கு” என்பதைவிட “இதில் தீயுது, தேய்க்க முடியலை, வேறு வாங்கணும்” என்று நேராகச் சொல்லுங்கள். ஒருநாள் வதக்குகிற வேலையை அவர்களில் ஒருவரிடம் கொடுத்தும் பாருங்கள். ஆனால் தேர்ந்தெடுப்பதை மட்டும் இன்னொருவரிடம் விடாதீர்கள். தூக்கப்போவது உங்கள் கை.

வாங்கிய பிறகு ஒன்றிரண்டு வாரம் கொஞ்சம் தடுமாறும். மெல்லிய பாத்திரத்துக்குப் பழகிய கை தீயை அதிகமாக வைக்கும். கனமான அடிக்கு அவ்வளவு தேவைப்படாது. உப்பைத் தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் எவர்சில்வரில் சின்னச் சின்னப் புள்ளிக் குழிகள் விழலாம். சூடான வாணலியைக் குழாயடியில் காட்டாதீர்கள், அடி வளைந்துவிடும். ஆறவிட்டு, வெந்நீர் ஊற்றி, மரக்கரண்டியால் சுரண்டினால் பிடித்தது விட்டுவிடும். வானவில் நிறத்தில் கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம், கொஞ்சம் வினிகர் விட்டுத் துடைத்தால் போய்விடும்.