பத்து லட்சம் கடனில் பொறியியல் வேண்டாம். மகன் நெட்வொர்க்கிங் படிக்கட்டும்

அம்மா, நெல்லிக்குப்பத்திலிருந்து நீங்களும் உங்கள் கணவரும் மகனை அழைத்துக்கொண்டு வந்து பேசிவிட்டுப் போன பிறகு, நீங்கள் கேட்டு அனுப்பிய கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். இதே தவிப்போடு கடலூரிலும் புதுச்சேரியிலும் பல பெற்றோர் இருப்பதால், பெயர்களைத் தவிர்த்துவிட்டு எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குக் கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைக்காது என்றும், சென்னையில் இருக்கும் பெரியப்பா நிர்வாக ஒதுக்கீட்டில் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் ஓர் இடத்தைப் பேசி வைத்திருக்கிறார் என்றும், அதை விட்டுவிட்டால் பையனின் வாழ்க்கையே வீணாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள் என்றும் சொன்னீர்கள். கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எழுதிவிடுவது எனக்கு எளிது. ஆனால் அந்த இடத்தை வாங்குவதாக இருந்தால் நீங்கள் கவலைப்படத்தான் வேண்டும்.

கட்டணம், விடுதி, சாப்பாடு, மடிக்கணினி என்று நீங்களே ஒரு தாளில் போட்டுக் கொண்டுவந்த கணக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைக் கடந்தால் பொதுவாக வங்கிகள் சொத்தை ஈடாகக் கேட்கும். உங்களிடம் ஈடு வைக்க இருப்பது குடியிருக்கும் வீடும் ஒரு துண்டு நிலமும்தான். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை இடம் பேசி வைத்தவர் உங்களிடம் சொல்லவில்லை. பெரியப்பா உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை, அந்தப் பாடத்தைப் படிக்கப்போவதும் அவர் இல்லை. பையனுக்குக் கணிதத்தில் ஆர்வம் இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும்தான் அந்தப் பிரிவுக்கு முதுகெலும்பு. பிடிக்காத பாடத்துக்கு வீட்டை அடகு வைக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

உங்கள் மகன் அன்று அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. உங்கள் தெருவில் இணைய இணைப்பு எப்படி என்று நான் பேச்சுவாக்கில் கேட்டதும் தலையை நிமிர்த்தினான். பகுதியில் பிராட்பேண்ட் இணைப்பு கொடுப்பவரோடு விடுமுறையில் சுற்றியிருக்கிறான். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று இணையக் கேபிளுக்குள் இருக்கும் எட்டு கம்பிகளின் வரிசையை விரல் மடக்கிச் சொல்லிவிட்டு, அந்த வரிசையில் அடுக்கி கேபிள் நுனியில் மாட்டும் ஆர்ஜே 45 முனையில் செருகி கிரிம்பிங் கருவியால் அழுத்துவதைக் கையாலேயே நடித்துக் காட்டினான். ஒரு வீட்டில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோனதற்குக் காரணம் ஒரே கேபிளை நூறு மீட்டருக்கு மேல் இழுத்ததுதான் என்று தானே கண்டுபிடித்ததாகச் சொன்னபோது அவன் குரலே மாறியிருந்தது. நூறு மீட்டர் வரம்பு என்பது நெட்வொர்க்கிங், அதாவது கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பாடத்தில் உள்ளபடியே இருக்கும் விதி. அதை ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் வேலையில் கண்டுகொண்டவனை அந்தத் திசையிலிருந்து திருப்புவது நியாயம் இல்லை.

பாலிடெக்னிக், ஐடிஐ, போட்டித் தேர்வு என்று ஊரில் எல்லோரும் சொல்லும் வழிகளை நான் மறுபடியும் அடுக்கப் போவதில்லை. என் யோசனை இதுதான். கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் கணினி அறிவியல் பட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடியும், வீட்டிலிருந்தே போய்வரலாம். பட்டம் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம், பல நிறுவனங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும்போதே அதைக் கேட்கின்றன. அந்த மூன்று ஆண்டுகளில், வீட்டில் உட்கார்ந்து தன் வேகத்துக்கு ஏற்பப் படித்து, நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ சான்றிதழை அவன் வாங்கட்டும். ரூட்டர், சுவிட்ச் போன்ற கருவிகளை இணைத்துப் பராமரிக்கும் வேலைக்கு உலகம் முழுவதும் அறியப்பட்ட தொடக்க நிலைச் சான்றிதழ் அது. எழுதுவதற்கு எந்த முன்தகுதியும் கேட்பதில்லை.

தொடக்கத்துக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. சிஸ்கோ 1997-இல் தொடங்கிய நெட்வொர்க்கிங் அகாடமி, இணைய வழியில் 'நெட்வொர்க்கிங் பேசிக்ஸ்' என்ற பாடத்தை இலவசமாகத் தருகிறது. சுமார் 22 மணி நேரப் படிப்பு. இந்தக் கோடை விடுமுறையில் அவன் அதை முடிக்கிறானா என்று பாருங்கள். யாரும் துரத்தாமலே முடித்தால், இந்த வழி அவனுக்கு ஒத்துவரும். பாதியில் விட்டால் நாம் வேறு பேசலாம். அதுவரை யாருக்கும் ஒரு பைசாகூடக் கட்டியிருக்க மாட்டீர்கள்.

அதன் பிறகு சிசிஎன்ஏ பாடம் மூன்று பகுதிகளாக வரும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 70 மணி நேரம். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் ஏழு மாதம் ஆகும். செய்முறைக்கும் திருப்பிப் பார்ப்பதற்கும் சேர்த்து ஓராண்டு, கல்லூரித் தேர்வுகள் குறுக்கிட்டால் ஒன்றரை ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் வேண்டாம். செய்முறைக்கு விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. பாக்கெட் ட்ரேசர் என்ற இலவச மென்பொருளைச் சாதாரண மடிக்கணினியில் போட்டுக்கொண்டால் ரூட்டரும் சுவிட்சும் கணினிகளும் திரையிலேயே வந்துவிடும். அவன் ஒரு ரூட்டரை இழுத்து வைத்து, அதற்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) கொடுத்து, பிங் செய்து, அதாவது பதில் வருகிறதா என்று ஒரு சிறு செய்தி அனுப்பிப் பார்ப்பான், பதில் வராது. 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்' என்று தட்டினால், கேபிள் செருகும் அந்த வாயில் நிர்வாக ரீதியாக மூடப்பட்டிருக்கிறது என்று காட்டும். சிஸ்கோ ரூட்டரின் வாயில்கள் முதலில் மூடியே இருக்கும் என்பதை அப்போது தெரிந்துகொண்டு, 'நோ ஷட்டவுன்' என்று கொடுத்ததும் பதில் வரத் தொடங்கும். இப்படி எங்கே அறுந்திருக்கிறது என்று படிப்படியாகத் தேடுவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. நூறு மீட்டர் கேபிளில் அவன் செய்ததும் அதுவே.

கணக்கு வராது என்று பயப்பட வேண்டாம். சிசிஎன்ஏவுக்குத் தேவைப்படுவது சப்நெட் கணக்கு, அதாவது முகவரிகளைச் சிறு கூட்டங்களாகப் பிரிக்கும் கணக்கு மட்டுமே, அது நோட்டில் போட்டுப் பழகினால் வந்துவிடும். 172.16.5.77 என்ற முகவரியும் /27 என்ற அளவும் (ஒரு கூட்டத்துக்கு 32 முகவரிகள்) கொடுத்தால், கடைசி எண்ணை முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகப் பிரித்து, அது 64-இல் தொடங்கி 95-இல் முடியும் கூட்டத்தில் இருக்கிறது, முதலும் கடைசியும் போகக் கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 65 முதல் 94 வரை என்று சொல்ல வேண்டும். தினமும் ஐந்து கணக்கு போடச் சொல்லுங்கள்.

தமிழ் வழியில் படித்தவனுக்கு ஆங்கிலப் பாடம் புரியுமா என்று உங்கள் கணவர் கேட்டது சரியான கேள்வி. முதல் மாதம் கடினமாகவே இருக்கும். ஒவ்வொரு பாடத்தையும் படித்த பிறகு, கலைச்சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு விளக்கத்தை மட்டும் தமிழில் தன் கைப்பட ஒரு பக்கம் எழுதட்டும். தமிழில் எழுத முடிந்தால் புரிந்துவிட்டது என்று நீங்கள் நம்பலாம்.

தேர்வுக்குத்தான் செலவு. 200-301 என்ற எண் கொண்ட அந்தத் தேர்வு 120 நிமிடங்கள் நடக்கும். கட்டணம் 300 அமெரிக்க டாலர். நம் பணத்தில் 25,000 ரூபாயைத் தாண்டும், வரி தனி. தோற்றால் ஐந்து நாள் காத்திருந்து, முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும். விடையளித்துக் கடந்த கேள்விக்குத் திரும்பிப் போகவும் முடியாது. எனவே வீட்டில் மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து நன்றாகச் செய்யும் வரை தேதி எடுக்கவே கூடாது. சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் அடுத்த தேர்வோ தொடர்கல்வியோ முடித்துப் புதுப்பிக்க வேண்டும். ஒன்றை நன்றாக மனத்தில் வையுங்கள்: பாடத்தை முடித்ததற்காக அகாடமி தரும் பேட்ஜ் வேறு, இந்தத் தேர்வில் வென்று பெறும் சான்றிதழ் வேறு. வேலை கேட்கும் இடத்தில் இரண்டும் ஒன்றாகாது.

நூறு சதவீத வேலை உறுதி என்று பலகை வைத்துப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையங்களில் பணம் கட்டாதீர்கள். தேர்வுக் கேள்விகளை அப்படியே விற்பவர்களிடமும் போகக் கூடாது. பிடிபட்டால் சிஸ்கோ சான்றிதழையே பறித்துவிடும், தேர்வு எழுதவும் தடை விதிக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இதற்கெல்லாம் வேலை இருக்குமா என்று பெரியப்பா கேட்பார். 2024 ஆகஸ்டில் மாற்றியமைத்த சிசிஎன்ஏ பாடத்திட்டத்தில் அதுவும் சேர்ந்திருக்கிறது என்று சொல்லுங்கள். 2011 டிசம்பரில் தானே புயலும் 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலும் அடித்த பகுதியில் இருக்கிறோம். அறுந்த இணைப்பை ஒட்ட ஓர் ஆள் நேரில் வந்துதான் ஆக வேண்டும் என்பது நமக்குத் தெரியும். கடலூர் சிப்காட் ஆலைகளிலும், புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும், அங்குள்ள மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் வங்கிகளிலும் நெட்வொர்க் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. முதல் வேலை சிறியதாக இருக்கும் என்பதையும் மறைக்க மாட்டேன்: இரவுப் பணி, அலைச்சல், குறைந்த சம்பளம். சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியும் வரலாம். ஆனால் தலையில் கடன் இல்லாதவன் அந்தச் சிறிய வேலையில் நிதானமாகக் கற்றுக்கொண்டு மேலே போக முடியும்.

இந்த வாரமே அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள். சென்னைக் கல்லூரிக்கு முன்பணம் கட்டவில்லை என்றீர்கள், கட்ட வேண்டாம். வங்கியில் மாதம் 2,500 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர் வைப்பு ஒன்று தொடங்கினால் வரியோடு சேர்த்துத் தேர்வுக் கட்டணத்துக்கு ஏறக்குறையப் போதுமான 30,000 ரூபாய் சேர்ந்துவிடும். பெரியப்பாவிடம் பேசத் தயக்கமாக இருந்தால் மகனையே பேசச் சொல்லுங்கள், அந்தக் கேபிள் கதையைச் சொல்லத் தொடங்கினால் அவன் நிறுத்த மாட்டான்.