ஐந்து வயதில் முடிந்துவிடுமா குணம்?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். அதிகம் பேசமாட்டான். பதினொன்றில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி மையத்தில் ஆளுமைத் தேர்வு எழுத வைத்தோம். ‘ஐ.என்.எஃப்.பி. வகை, உள்முகமானவன், வியாபாரத்துக்குச் சரிப்படமாட்டான்’ என்று அறிக்கை தந்தார்கள். படித்தால் அப்படியே அவனைப் போலவே இருக்கிறது. எங்களுக்கோ ஜவுளிக்கடைதான் பிழைப்பு. ஐந்து வயதுக்குள் குணம் அமைந்துவிடும் என்று மனநல மருத்துவர் ஃப்ராய்டே சொல்லியிருக்கிறார் என்றும் மையத்தில் சொன்னார்கள். அந்த வயதில் என் மனைவி வேலைக்குப் போனதுதான் காரணம் என்கிறார் என் அம்மா. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று தினமும் சொல்லிக்காட்டுகிறார். மையத்தில் ஆளுமை மேம்பாட்டு வகுப்பும் நடத்துகிறார்கள். சேர்த்தால் அவனை மாற்ற முடியுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பையன், மனைவி, ஃப்ராய்டு என்று மூன்று பேரைக் கடிதத்தில் இழுத்துவிட்டீர்கள். மையத்தை மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஐந்து வயதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னவர்களே, பதினைந்து வயதில் மாற்றித் தருகிறோம் என்று வகுப்புக்குப் பணம் கேட்கிறார்கள். இரண்டும் சேர்ந்து எப்படி உண்மையாக இருக்கும் என்று கட்டணம் கட்டும் இடத்திலேயே கேட்டிருக்கலாம்.

‘ஐ.என்.எஃப்.பி.’ என்பது மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வு ஆளுக்குத் தரும் நான்கு எழுத்து முத்திரைகளில் ஒன்று. அந்த நான்கு எழுத்து விவகாரத்தைத் தொடங்கியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ஓர் அம்மாவும் மகளும். கேதரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ். இருவருமே முறையாக உளவியல் படித்தவர்கள் அல்லர். மகள் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். மனித வகைகள் பற்றி சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல் வெளியிட்ட கருத்துகளில் அம்மாவுக்கு மோகம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று கண்டுபிடிக்க உதவட்டும் என்று மகள் அதைக் கேள்வித்தாளாக்கினார். பட்டம் இல்லாதவர்கள் செய்ததால் தப்பு என்று நான் சொல்லவில்லை. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. கூச்சமும் கலகலப்பும் உயரம் மாதிரி. அளந்து பார்த்தால் பெரும்பாலோர் நடுவில்தான் இருப்பார்கள். ஐந்தரை அடியில் ஒரு கோடு போட்டு, மேலே இருப்பவரெல்லாம் நெட்டை வகை, கீழே இருப்பவரெல்லாம் குட்டை வகை என்று பிரித்தால், கோட்டுக்கு அரை அங்குலம் இப்படியும் அப்படியும் நிற்கிற இரண்டு பேர் எதிரெதிர் வகையாகிவிடுவார்கள். இந்தத் தேர்வு செய்வது அதைத்தான். அதே ஆள் சில வாரம் கழித்து எழுதினால் பலருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது. இதை வைத்து வேலைக்கு ஆள் எடுக்காதீர்கள் என்று தேர்வை விற்கும் நிறுவனமே சொல்லி வைத்திருக்கிறது.

‘அப்படியே அவனைப் போலவே இருக்கிறது’ என்கிறீர்கள். இருக்கத்தான் செய்யும். 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஆளுக்கொரு அறிக்கை கொடுத்து, உனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை. பத்திரிகைக் கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். ‘சில நேரம் கலகலப்பாக இருப்பீர்கள், சில நேரம் ஒதுங்கியிருப்பீர்கள்’ என்று எழுதினால் யாருக்குத்தான் பொருந்தாது? (விரல் ரேகையை ஸ்கேன் செய்து மூளையைப் படிக்கிறோம் என்று சொல்லும் கடைகளுக்குப் போகாமல் விட்டீர்களே, அதுவரை நிம்மதி.)

சரி, ஃப்ராய்டுக்கு வருவோம். முதல் ஐந்தாறு வயதுக்குள் அடித்தளம் விழுந்துவிடும், அப்புறம் வருவதெல்லாம் அதன் வெளிப்பாடு என்று அவர் நினைத்தது உண்மைதான். ஆனால் அவர் பார்த்த நோயாளிகள் பெரும்பாலும் வயது வந்தவர்கள். அவர்கள் சொன்ன நினைவுகளிலிருந்தும் கனவுகளிலிருந்தும் குழந்தைப் பருவத்தைப் பின்னோக்கிக் கட்டினார். ஒரு குழந்தையை வைத்து அவர் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு 1909-ல் வந்தது: குதிரையைக் கண்டால் நடுங்கிய ஐந்து வயதுப் பையன், ‘குட்டி ஹான்ஸ்’. அந்தச் சிகிச்சையின்போது ஃப்ராய்டு பையனை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் அப்பா எழுதி அனுப்பிய குறிப்புகள். அந்த அப்பா ஃப்ராய்டின் கருத்துகளில் ஊறியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1922-ல் பத்தொன்பது வயது இளைஞனாக ஹான்ஸ் ஃப்ராய்டைத் தேடி வந்தான். நன்றாக இருந்தான். தன்னைப் பற்றிய ஆய்வைப் படித்தபோது அது தன் கதை என்றே தெரியவில்லை, ஒன்றும் நினைவில்லை என்றான். இதைப் பதிவு செய்ததும் ஃப்ராய்டேதான். அந்த நேர்மை அவருக்கு உண்டு. ஹெர்பர்ட் கிராஃப் என்பது அந்த இளைஞனின் நிஜப்பெயர். பின்னாளில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் மேடை இயக்குநராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

ஃப்ராய்டு வழியில் வந்த எரிக் எரிக்சனே 1950-ல் ஐந்து வயதுக் கணக்கை உடைத்துவிட்டார். அவர் போட்ட எட்டுக் கட்டங்கள் முதுமை வரை போகின்றன. ‘நான் யார்’ என்று தடுமாறும் கட்டத்தை அவர் வைத்தது வளரிளம் பருவத்தில், உங்கள் பையன் இப்போது நிற்கும் இடத்தில். எட்டுக் கட்டமும் அளந்து நிரூபித்தவை என்று சொல்லமாட்டேன். கூர்ந்து பார்த்த ஒருவரின் வரைபடம் அது, அவ்வளவுதான்.

அளந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 152 ஆய்வுகளை உளவியலாளர்கள் பிரென்ட் ராபர்ட்ஸும் வென்டி டெல்வெக்கியோவும் 2000-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கூட்டத்தில் யார் அதிகக் கூச்சம், யார் அதிகப் பொறுப்பு என்ற வரிசை சில ஆண்டு கழித்தும் அப்படியே இருக்கிறதா என்பது கேள்வி. துளியும் மாறவில்லை என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0. சிறு வயதில் 0.31, கல்லூரி வயதில் 0.54, முப்பதில் 0.64, ஐம்பதைத் தாண்டினால் 0.74. அதாவது குணம் கெட்டிப்படுவது ஐந்தில் இல்லை, ஐம்பதில். உங்கள் வீட்டில் அநேகமாக மாறமாட்டார் என்று சொல்லத்தக்க ஆள் உங்கள் அம்மாதான்.

இதைவிட நீண்ட கணக்கு ஸ்காட்லாந்தில் இருக்கிறது. 1950-ல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஆயிரத்து இருநூறு பேருக்கு மேற்பட்டவர்களை அவர்களுடைய ஆசிரியர்கள் மதிப்பிட்டார்கள்: தன்னம்பிக்கை, விடாமுயற்சி, மனநிலை ஏறாமல் இறங்காமல் இருப்பது, இப்படி ஆறு குணங்கள். 2012-ல் 77 வயதான 174 பேர் அதே குணங்களுக்குத் தங்களைத் தாங்களே மதிப்பிட்டார்கள்; அவர்களை நன்றாக அறிந்த ஒருவரும் மதிப்பிட்டார். பதினான்கு வயது மதிப்பீட்டுக்கும் எழுபத்தேழு வயது மதிப்பீட்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு எதுவும் தென்படவில்லை. சின்ன ஆய்வு, அன்று மதிப்பிட்டவர் வேறு, இன்று மதிப்பிட்டவர் வேறு. அதனால் குணம் முழுக்க மாறிவிடும் என்று கூவமாட்டேன். பத்தாம் வகுப்பு அறிக்கையை வைத்து ஒரு ஆயுளுக்கு முடிவெடுக்காதீர்கள் என்று சொல்ல அது தாராளமாகப் போதும்.

இனி உங்கள் மனைவி. இந்தப் பகுதியை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி இருந்தார்கள். பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்றாலும் மருத்துவர்கள் உடனே தாயைக் கை காட்டுவது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1956-ல் தொடங்கி 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பின்தொடர்ந்தார்கள். பிறந்த சில மாதங்களிலேயே குழந்தைகள் வேறு வேறு மாதிரி இருந்தன. நூற்றுக்கு நாற்பது குழந்தைகள் எளிதாகப் பழகின. பத்து, படுத்தி எடுத்தன. பதினைந்து, புதிய ஆளையும் இடத்தையும் கண்டால் முதலில் ஒதுங்கி, மெதுவாக ஒட்டிக்கொண்டன. மீதி முப்பத்தைந்தை எந்த வகையிலும் அடைக்க முடியவில்லை. முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார்களே, அதுதான் அவர்கள் மேல் எனக்கு மதிப்பு வரக் காரணம். குழந்தை எந்த மாதிரி என்பது முடிவைச் சொல்லிவிடவில்லை. அந்த மாதிரிக் குழந்தைக்குச் சுற்றியிருப்பவர்கள் ஈடுகொடுத்தார்களா, அதன் சுபாவத்தோடு மல்லுக்கு நின்றார்களா என்பதுதான் பெரிய வித்தியாசம் செய்தது. மெதுவாக ஒட்டும் பிள்ளையைத் தினமும் ‘ஏன்டா ஊமை மாதிரி இருக்கே’ என்று கேட்கும் வீடு எந்தப் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரட்டையர் ஆய்வுகளும், தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளும் இன்னொன்று சொல்கின்றன. ஆளுக்கு ஆள் குணம் வேறுபடுவதில் ஏறக்குறைய நாற்பது, ஐம்பது சதவீதம் மரபணு வேறுபாட்டோடு சேர்ந்தது. மிச்சத்தில், ஒரே வீட்டில் வளர்ந்தது என்ற பொதுவான காரணத்தின் பங்கு வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. இதைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் குணத்தில் பெற்றோரைவிடக் கூட்டாளிகளின் கை ஓங்கியது என்று 1995-ல் ஒரு கட்டுரையில் அடித்துச் சொன்னவர் ஜூடித் ரிச் ஹாரிஸ். அவர் கதையே தனி. 1960-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை முனைவர் பட்டப் படிப்பிலிருந்து அனுப்பிவிட்டது. கடிதத்தில் கையெழுத்திட்டவர் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர். நோயோடு வீட்டிலிருந்தபடி பாடப்புத்தகங்கள் எழுதிப் பிழைத்த அந்த அம்மாளின் கட்டுரைக்கு, முப்பது சொச்சம் ஆண்டு கழித்து அமெரிக்க உளவியல் சங்கம் தந்த விருதின் பெயர் ஜார்ஜ் மில்லர் விருது! பெற்றோரை அவர் ஒரேயடியாகத் தள்ளிவிட்டது எனக்கு அதிகமாகவே படுகிறது. ஆனாலும் மருமகள் வேலைக்குப் போனதால் பேரன் பேசாமல் போனான் என்பதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் தேடினால் கிடைக்காது. அவன் அப்பாவும் தாத்தாவும் பதினைந்து வயதில் எவ்வளவு பேசினார்கள் என்று உங்கள் அம்மாவிடமே கேட்டுப் பாருங்களேன்.

‘பேசமாட்டான்’ என்பதும் எங்கே, யாரிடம் என்று பார்க்க வேண்டிய விஷயம். ஒரே ஆள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பான் என்பதற்கான ஆதாரம் நாம் நினைப்பதைவிட மிக மெலிது என்று உளவியலாளர் வால்டர் மிஷெல் 1968-ல் காட்டியதும் உளவியல் துறைக்குள்ளே பெரிய சண்டையே நடந்தது. நண்பர்களோடு இருக்கும்போது உங்கள் பையனைப் பார்த்திருக்கிறீர்களா? பாட்டி முன்னால் வாய் திறக்காததை ஆளுமை என்று சொல்ல முடியாது. அது தற்காப்பாகவும் இருக்கலாம்.

அப்புறம் அந்த ‘வியாபாரத்துக்குச் சரிப்படமாட்டான்’. அமெரிக்க உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசி விற்பனையில் இருந்த 340 பேரின் மூன்று மாத விற்பனையைக் கணக்கெடுத்தார். அதிகம் விற்றவர்கள் வாயாடிகள் அல்லர், மௌனிகளும் அல்லர்; நடுவில் இருந்தவர்கள். வாங்க வந்தவர் சொல்வதைக் காதில் வாங்குவதும் விற்பனைதான் என்பது ஜவுளிக்கடைக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவனை மாற்ற முடியுமா என்று கேட்டீர்கள். நீங்கள் மாற்ற முடியாது. அவனுக்கு விருப்பம் இருந்தால் அவன் ஓரளவு மாற்றிக்கொள்ளலாம். மாற வேண்டும் என்று நினைத்ததோடு நின்றவர்களிடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வாரம் ஒரு புது ஆளிடம் பேசுவது மாதிரிச் சின்னச் சின்ன வேலைகளை உண்மையிலேயே செய்து முடித்தவர்களிடம் சில மாதங்களில் மாற்றம் தெரிந்தது என்று சமீபத்திய ஆய்வுகள் சொல்கின்றன. அந்த மையத்து வகுப்பு வேண்டாம்.

பிரிவு எது என்பதை அவன் கணக்கு மதிப்பெண்ணையும் அவன் வாயிலிருந்து வரும் பதிலையும் வைத்து முடிவு செய்யுங்கள். விடுமுறை முடிவதற்குள் கடைக்கும் ஒரு மாதம் வரட்டும். எடுத்தவுடனே வாசலில் நிறுத்தி ‘வாங்கம்மா, வாங்கண்ணா’ சொல்லச் சொல்லாதீர்கள். முதலில் சரக்கு வாங்கப் போகும்போது கூட்டிப்போங்கள்.