வேறு இடத்தில் கொடுத்தாலும் இதே பதில்தான்

கேள்வி: சர்க்கரை நோயாளிகள் மூவர், நோயில்லாதவர்கள் மூவர் என ஆறு பேரின் ரத்தத்தில், எந்த ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்று அளக்கும் ஆர்என்ஏ சீக்வென்சிங் செய்தோம். நோயாளிகளின் மாதிரிகளை மார்ச்சில் ஒரு கிட்டிலும் (மாதிரி தயாரிக்கும் ரசாயனப் பொதி), மற்றவர்களுடையதை ஜூலையில் வேறு கிட்டிலும் தயாரித்தோம். பயோஇன்ஃபர்மேடிக்ஸ் சேவைப் பிரிவில் கொடுத்தால், 'இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது' என்கிறார்கள். வேறு இடத்தில் கொடுத்துப் பார்க்கலாமா?
— ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: எங்கே கொடுத்தாலும் இதே பதில்தான். பணத்தை வாங்கிக்கொண்டு வேறு பதில் சொல்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உங்கள் தரவில் தெரியும் வித்தியாசம் நோயால் வந்ததா, கிட்டால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. 'பேட்ச் கரெக்‌ஷன்' செய்ய மென்பொருள்கள் இருக்கின்றனவே என்பீர்கள். தொகுதிக்குத் தொகுதி வரும் வித்தியாசத்தைக் கழிப்பவை அவை. அவை வேலை செய்ய, ஒன்றாகத் தயாரித்த ஒவ்வொரு தொகுதியிலும் இரு தரப்பு மாதிரிகளும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கிட்டின் வித்தியாசத்தைக் கழிக்கும்போது நோயின் வித்தியாசமும் கூடவே போய்விடும்.

ரத்தம் என்பதால் சிக்கல் இன்னும் கூடுதல். ரத்தத்திலுள்ள எம்ஆர்என்ஏவில் (ஜீன் இயங்கும்போது உருவாகும் நகல்) பெரும்பங்கு, ஹீமோகுளோபினை உருவாக்கும் குளோபின் ஜீன்களுடையது. சில கிட்கள் அதை நீக்கும், சில நீக்காது. மார்ச்சில் நீக்கி ஜூலையில் விட்டிருந்தால், ஏராளமான ஜீன்கள் மாறியிருப்பதாக அழகான வரைபடம் வரும். அத்தனையும் கிட்டின் கைவண்ணம்.

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் மிச்ச ஆர்என்ஏ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சிதையாமல் இருப்பதைக் காட்டும் தர எண் (ஆர்ஐஎன்) இன்னும் 7-க்கு மேல் நிற்கிறதா என்று சோதித்துவிட்டு, ஆறையும் ஒரே நாளில், ஒரே கிட்டில், இரு தரப்பையும் கலந்து வரிசைப்படுத்தித் தயாரியுங்கள். ஆர்என்ஏ பிரித்தெடுத்ததே வெவ்வேறு மாதங்களில் என்றால் அந்தக் குறை தீராது. கட்டுரையில் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எண்ணிக்கையும் போதாது. ஆய்வகத்தில் வளர்க்கும் ஒரே செல் வரிசை என்றால் மூன்று மூன்றாகச் சமாளிக்கலாம். மனிதர்கள் வயது, பால், சாப்பிடும் மாத்திரை என்று ஆளுக்கு ஆள் மாறுபடுவார்கள். தரப்புக்கு ஆறு பேருக்குக் குறையாமல் எடுங்கள். முடிந்தால் இன்னும் கூடுதலாக. பணம் கட்டுப்படியாகவில்லை என்றால், ஒரு மாதிரிக்கு 10 கோடி ரீட் (கருவி படித்துத் தரும் துண்டு) வாங்குவதைவிட 2 முதல் 3 கோடி ரீட்டோடு நிறுத்தி, அந்தப் பணத்தில் ஆட்களைக் கூட்டுங்கள். பன்னிரண்டு மாதிரிகளை இரண்டு தவணையாகச் செய்ய வேண்டி வந்தால், தவணைக்கு மூன்று நோயாளி, மூன்று நோயில்லாதவர். அப்போது தவணையையும் ஒரு காரணியாகக் கணக்கில் சேர்க்க முடியும்.

தரவு வந்ததும் முதலில் எக்ஸ்ஐஎஸ்டி, ஆர்பிஎஸ்4ஒய்1 என்ற இரண்டு ஜீன்களைப் பாருங்கள். முன்னது பெண்களின் மாதிரியில் தூக்கலாக இருக்கும், பின்னது ஆண்களின் மாதிரியில் மட்டும் தெரியும். பதிவேட்டில் ஆண் என்றிருக்கும் மாதிரியில் எக்ஸ்ஐஎஸ்டி உச்சத்தில் இருந்தால், குழாய் எங்கோ மாறியிருக்கிறது என்று பொருள். இரண்டு நிமிட வேலை இது. செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: ஜீன் பட்டியலை எக்செலில் திறந்தால் நடுவே '1-மார்ச்', '2-செப்' என்று தேதிகள் வருகின்றன. எப்படி மீட்பது?
— விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

பதில்: மார்ச்1, செப்ட்2 என்ற பழைய ஜீன் பெயர்களை எக்செல் தேதியாக எடுத்துக்கொண்டது. இந்தத் தொல்லையால்தான் 2020-இல் ஜீன் பெயரிடும் குழு அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்றியது. சேமித்துவிட்ட கோப்பிலிருந்து நிச்சயமாக மீட்க முடியாது. மார்ச்1, மார்க்1 என்ற இரு வேறு ஜீன்களும் ஒரே தேதியாகிவிடும், எது எது என்று தெரியாது. மூல சிஎஸ்வி கோப்பைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். இரட்டைச் சொடுக்கித் திறக்காமல், டேட்டா பகுதி வழியாக இறக்கி, பெயர் வரும் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். பெயரோடு, என்செம்பிள் தரவுத்தளம் ஒவ்வொரு ஜீனுக்கும் தரும் எண்ணும் பட்டியலில் இருக்கட்டும்.

கேள்வி: இரண்டு காசநோயாளிகளின் கிருமிகளை முழு மரபணு வரிசையாக்கம் செய்ததில் டிஎன்ஏவில் மூன்று எழுத்துகள்தான் வேறுபடுகின்றன. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது என்று அறிக்கை எழுதலாமா?
— மருத்துவ அலுவலர், வேலூர்

பதில்: 'அண்மைத் தொற்றுச் சங்கிலியில் இருவரும் இருக்க வாய்ப்பு அதிகம்' என்று எழுதலாம், அதற்கு மேல் போகாதீர்கள். ஐந்துக்குள் இருந்தால் நெருங்கிய தொடர்பு, பன்னிரண்டைத் தாண்டினால் அண்மைத் தொற்றாக இருக்காது என்பது பரவலாகக் கையாளும் அளவு. ஆனால் காசநோய்க் கிருமியின் 44 லட்சம் எழுத்துகளில் ஆண்டுக்குச் சுமார் அரை எழுத்துதான் மாறுகிறது. அதனால் யாரிடமிருந்து யாருக்கு என்பதை இந்த மூன்று எழுத்துகள் சொல்லாது. மூன்றாவது ஆள் ஒருவர் இருவருக்கும் கொடுத்திருக்கலாம். நேரில் போய் விசாரித்த விவரம் வேண்டும்.

அதற்கு முன் சேவைப் பிரிவினரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். காசநோய்க் கிருமியின் பிஇ, பிபிஇ ஜீன் குடும்பங்களை விலக்கினார்களா? அவை ஒன்றைப் போல ஒன்று இருப்பதால் சிறு ரீட்கள் இடம் மாறி அமர்ந்து, இல்லாத மாற்றங்களைக் காட்டும். அடுத்து, இரு மாதிரிகளும் ஒரே நாளில் ஒரே தட்டில் செய்யப்பட்டவையா? அப்படியிருந்து வேறுபாடு பூஜ்யம் என்று வந்திருந்தால், ஆய்வகத்திலேயே ஒன்று மற்றொன்றில் கலந்ததா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மூன்று என்பதால் முழுக் கலப்புக்கு வாய்ப்புக் குறைவு. என்றாலும் அந்த மூன்று இடங்களிலும் இரு எழுத்துகள் கலந்து தெரிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கில் தரவு வந்திருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது?
— ஆய்வகப் பொறுப்பாளர், மதுரை

பதில்: கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்ட, கூடவே வந்த எம்டி5 எண்களோடு முதலில் ஒப்பிடுங்கள், ஒரு கோப்பு மாறினாலும் அன்றே திரும்பக் கேளுங்கள். பல நிறுவனங்கள் சில மாதங்களில் தங்கள் பிரதியை அழித்துவிடும். மூல ரீட்கள் உள்ள ஃபாஸ்ட்க்யூ கோப்புகளுக்கு இரண்டு பிரதி, இரண்டு கட்டடங்களில். ரீட்களை அவற்றின் இடத்தில் பொருத்தும்போது இடையில் உருவாகும் பேம் கோப்புகளை அழிக்கலாம், ஆனால் அவற்றை உருவாக்கிய கட்டளைகளும் மென்பொருள் பதிப்பு எண்களும் இருக்க வேண்டும். பொதுவில் சேர்க்க ஃபரீதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தரவு மையம் இருக்கிறது. கிருமியின் தரவானாலும், நோயாளியின் பெயரோ மருத்துவமனைப் பதிவெண்ணோ கோப்பின் பெயரில்கூட ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது.