பெற்றோர் கூட்டத்துக்கு யார் வரவில்லை, ஏன்?

கேள்வி: எம்.எட். ஆய்வுக்கு, எங்கள் பக்கத்து ரப்பர் தொழிலாளர் குடும்பங்களும் வடமாநிலத்திலிருந்து வந்தவர்களும் பள்ளிக்கூடத்தோடு எப்படிப் பழகுகிறார்கள் என்பதை எடுத்திருக்கிறேன். பெற்றோர் கூட்ட வருகைப் பதிவேட்டை வைத்தே அக்கறையை அளந்துவிடலாம் என்கிறார் வழிகாட்டி. சரிவருமா?
- வாசகி, குலசேகரம்

பதில்: சரிவராது. ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், வெட்டி முடித்து, சிரட்டையில் பால் சேரக் காத்திருந்து, எடுத்து வந்து ஆசிட் விட்டு உறையவைத்து ஷீட் அடிப்பதற்குள் பகல் ஏறிவிடும். பத்தரை மணிக் கூட்டத்துக்கு அவர் எங்கிருந்து வருவார்? தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போனவர் கரை திரும்பவே வாரக்கணக்காகும்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில், மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி கல்வி ஆய்வாளர் லூயிஸ் மோல் குழுவினர் 1992-ல் எழுதியதைத் தேடிப் படியுங்கள். ஆசிரியர்களே வீடுவீடாகப் போய், அந்த வீட்டாருக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டார்கள்: விவசாயம், கட்டட வேலை, நாட்டு வைத்தியம். மெக்சிகோ மிட்டாய் விற்கிற ஒரு பையனைக் கண்டதும் மிட்டாயை வைத்தே வகுப்பில் பாடம் நடந்தது. நம்மூரில் எத்தனை பாலுக்கு எத்தனை ஆசிட் என்று தெரிந்த பிள்ளை வேதியியலில் ஃபெயில் ஆகிக்கொண்டிருக்கலாம், யார் கேட்டார்கள்?

நீங்கள் சாயங்காலம் போங்கள், ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், போனால் "எல்லாம் நல்லா இருக்கு சாரே" என்பதோடு முடிந்துவிடும். வடமாநிலத்தார் வீட்டில் மேஸ்திரியை மொழிபெயர்க்க வைப்பதும் வேண்டாம், சம்பளம் அவர் கையில் இருக்கிறது. பிள்ளையையும் வேண்டாம். அம்மாவுக்கும் டீச்சருக்கும் நடுவில் நின்று தன் மார்க்கைத் தானே மொழிபெயர்க்கிற பிள்ளை என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும்! அப்புறம், பள்ளியையும் கேள்வி கேளுங்கள்: கூட்ட நோட்டீஸ் எந்த மொழியில் போகிறது, நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

கேள்வி: இங்கே செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தில் பத்து வயதுப் பையன். டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை. பள்ளியில் சேர்க்க முடியுமா?
- வாசகர், தோவாளை

பதில்: தாராளமாக. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி (2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது) 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, டி.சி. தாமதமும் ஒரு காரணம் ஆகாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கிய பாடத்துக்குத் தனிப்பயிற்சி தர வேண்டும். மறுத்தால் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கேளுங்கள், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். சூளைக் குடும்பத்தார் யாராவது அதில் உண்டா என்றும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். மழைக்குச் சூளை நின்று அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது மறக்காமல் டி.சி. வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.